மவுஸ் கோலம்

என்னை வேலையை விட்டுத் தூக்கப்போகும் கடிதத்தை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வேறு யார் எடுப்பார்கள்? எங்கள் சங்கத்தில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை இயக்கத் தெரிந்ததும் ஒரே ஒரு ஆள்தான்.

சங்கம் என்றால் கல்லலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் கூட்டுறவுச் சங்கம். யார் எத்தனை மூட்டை யூரியா வாங்கினார்கள், யாருக்கு எவ்வளவு விதைநெல் போனது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நான் துர்காதேவி. ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணியாளர். ஒன்பது வருடம் ஓடினாலும் அதற்குப் பெயர் தற்காலிகம்தான் என்பதை இங்கே வந்து தெரிந்துகொண்டேன்.

எங்கள் செயலாளர் பொன்னழகு சார் கெட்டவர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் நாலடி தள்ளித்தான் நிற்பார். அன்றும் தள்ளி நின்றபடியே, "தேவி, மேலிடத்துலருந்து ஏதோ வந்திருக்காம்ல? எடுத்துக் குடு" என்றார். எடுத்தேன். இரண்டு பக்கம். தற்காலிகமாகக் கணினியில் வேலை செய்கிறவர்கள் அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் கணினியில் அடிப்படை டிப்ளமோ சான்றிதழ் கொடுத்தால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் சான்றிதழ் உள்ள வேறொருவரை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். முதல் பக்கம் அதோடு முடிந்தது. அவரும் அதோடு முடித்துக்கொண்டார்.

"சார், ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்கு."

"அதெல்லாம் ஒங்களுக்குத்தான்த்தா. ஃபைல்ல போட்டு வையி" என்றவர், கடிதத்தை மடித்துக்கொண்டே, "நம்ம முகேஷு கூட காரைக்குடியில இதுக்குத்தான் சேரப் போறானாம்" என்றார். முகேஷ் அவருடைய மச்சினன் மகன். என் நாற்காலிக்கு ஆள் தயாராகிவிட்டது.

அந்த நாற்காலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்கத்து நாற்காலிதான், ஆனால் அதில் கிடக்கும் திண்டு நான் வாங்கிப் போட்டது. ஒரு கால் ஆடும். அதற்குக் கீழே மடித்து வைத்த அட்டையும் நான் வைத்ததுதான். அதில் வேறொருவன் உட்காருவதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அது என்னுடைய நாற்காலி. அவ்வளவுதான்.

மறுநாளே காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

செக்காலைப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் முன்பகுதியில் அந்த கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. வீட்டுக்காரரான கார்த்திகேய சிவம் சாரே அதன் முதல்வர், உரிமையாளர், சில நாள் வாட்ச்மேன். எட்டு கம்ப்யூட்டர். அதில் மூன்று ஓடும். மற்ற ஐந்துக்கும் பூப்போட்ட துணியுறை தைத்துப் போட்டிருந்தார்கள். "அதெல்லாம் அட்வான்ஸ் கோர்ஸுக்கு" என்றார் சிவம் சார். மூன்று மாதம் கழித்தும் ஒரு உறைகூடக் கழற்றப்படவில்லை. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

பாடம் எடுத்தது தீக்ஷா மிஸ். இருபத்திரண்டு வயது. என்னை அக்கா என்பாள், நான் அவளை மிஸ் என்பேன். நல்ல பிள்ளை, ஆனால் பாடத்திட்டம் என்று ஒரு புத்தகம் வைத்திருந்தாள். அதில் இருந்து அந்தண்டை இந்தண்டை நகர மாட்டாள். முதல் மாதம் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று நோட்டில் எழுதினோம். கம்ப்யூட்டரின் பயன்கள் யாவை என்று எழுதினோம். இரண்டாம் மாதம் ரெக்கார்டு நோட்டு வாங்கச் சொன்னாள். இடது பக்கம் கோடு போடாத வெள்ளைத் தாள், அதில் பென்சிலால் படம் வரையவேண்டும். மானிட்டர், கீபோர்டு, சி.பி.யூ., மவுஸ் என்று மொத்தம் பன்னிரண்டு படம். பாகங்களைக் குறிக்கவேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மிஸ், மவுஸு இந்தா என் கையிலயே இருக்கு. ஒம்பது வருசமா இதப் பிடிச்சு உள்ளங்கையில காப்பே காச்சுப் போச்சு. இத எதுக்கு நான் படம் வரையணும்?"

"பாடத்திட்டத்துல இருக்குக்கா."

"நான் வரைய மாட்டேன்."

சொன்னதைச் செய்தேன். ஒரு படம்கூட வரையவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகேஷ் அழகழகாக வரைந்தான். மவுஸுக்கு நிழல்கூடக் கொடுத்திருந்தான். ஒருநாள் அவன் திரை இருட்டாகிவிட, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். மானிட்டரின் சுவிட்சை நான்தான் அமுக்கிவிட்டேன். "தேங்க்ஸ்க்கா, இந்தப் படம் இன்னும் வரையல, அதான் தெரியல" என்றான். அவனையும் குறை சொல்ல முடியாது.

செப்டம்பரில் எழுத்துத் தேர்வு முடிந்தது. எல்லாரும் தேறிவிட்டோம். இனி செய்முறை மதிப்பெண்ணைச் சென்டர்க்காரர்கள் தலைமை அலுவலகத்தின் இணையதளத்தில் ஏற்றவேண்டும். அது ஏறினால் சான்றிதழ். தலைமை அலுவலகம் வடக்கே எங்கேயோ இருக்கிறது. நான் வாராவாரம் கேட்பேன், சிவம் சார் வாராவாரம் ஒரு காரணம் சொல்வார். ஒரு வாரம் அஷ்டமி நவமி, மறு வாரம் கரிநாள். அமாவாசை வரட்டும் என்றார். அமாவாசை வந்தது, அன்று செவ்வாய்க்கிழமை வேறு கூடிக்கொண்டது என்றார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி சரஸ்வதி பூசை. சங்கத்துக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிறேன், போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. உங்கள் செய்முறை மதிப்பெண் இன்னும் வந்து சேரவில்லை, கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி, தவறினால் அடுத்த தேர்வு ஏப்ரலில். ஏப்ரலில்! நான் சான்றிதழ் கொடுக்கவேண்டியது இந்த மாதக் கடைசிக்குள். சிவம் சாருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பிடித்தேன் பஸ்ஸை.

சென்டருக்குள் நுழையும்போது மூன்றே முக்கால். சாம்பிராணி வாசம் மூக்கைத் துளைத்தது. எட்டு கம்ப்யூட்டரும் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நடுவில் சரஸ்வதி படத்தோடு ஜம்மென்று இருந்தன. முன்னால் வாழை இலையில் பொரி, கடலை, அவல். ஓடாத ஐந்துக்கும் இன்று புது உறை. சிவம் சார் பட்டு வேட்டியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தேவி, வாங்க! பூசைக்குத்தானே வந்தீக? பொரி எடுத்துக்கங்க."

"சார், மார்க்கை ஏத்தலையா நீங்க? இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடிருவான் சார்!"

"எதுக்குப் பதறுறீக? நாளைக்கு விஜயதசமி. அன்னைக்குத் தொட்டா எதுவும் விளங்கும். நாளைக்குக் காலையில ஏத்துறதுன்னு நாள் பாத்து வச்சிருக்கேன்ல."

நான் போனில் வந்திருந்த செய்தியை நீட்டினேன். அவர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்துத் தெரியலையே, கண்ணாடி பூசையில இருக்கு" என்றார். நானே படித்துக் காட்டினேன். பொரி அவர் தொண்டையில் நின்றது.

"சரி சரி, இந்தா மூணாம் நம்பர் சிஸ்டத்தப் போடுவோம்" என்று எழுந்தவரை, உள்ளே இருந்து வந்த குரல் அப்படியே நிறுத்தியது.

"யாருப்பா அது, பூசையில வச்சதத் தொடுறது?"

அவருடைய தாயார் கண்ணம்மை ஆச்சி. கையில் பெரிய போன், அதில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்கவேண்டும், அதற்கு முன் தொட்டால் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆகாது என்றார். படிக்கிற பிள்ளையான எனக்கு நாற்பத்தொரு வயது. என் படிப்பு இன்னும் ஒரு மணி நேரத்தில் போகப்போகிறது என்று எடுத்துச் சொன்னேன். அசையவில்லை.

"அப்ப நீங்க வச்சிருக்கிற போனு மட்டும் என்ன ஆச்சி? அது பூசையில இல்லையே?" என்று கேட்டேவிட்டேன்.

"இதுல நான் வேலையா பாக்குறேன்? நாடகந்தானே பாக்குறேன். வேலை செய்யிறதத்தான் ஆத்தா பூசையில வைக்கணும்."

அப்படிப் பார்த்தால் அந்த எட்டில் ஐந்தைப் பூசையில் வைத்திருக்கவே கூடாது. சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். என் போன் பூசைக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் வந்த போன். இதிலேயே ஏற்றிவிடலாம்.

இணையதளத்தைத் திறந்தேன். சென்டரின் பாஸ்வேர்டு? மறந்துவிடக் கூடாதென்று சிவம் சார் அதை நாட்காட்டிக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்ற பாடத்தை மட்டும் எங்களுக்கு எடுத்தவர் அவர்தான்.

"கண்ணாடி இல்லாம எனக்கு ஓடாது, நீங்களே ஏத்தீருங்க தேவி" என்று சொல்லிவிட்டு அவர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். தஞ்சாவூருக்கு லீவில் போயிருந்த தீக்ஷா மிஸ்ஸுக்குப் போன் அடித்து மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பினாள். பத்தொன்பது பேர். ஒவ்வொன்றாக ஏற்றினேன். அந்த வேலையில் என் விரல் தானாக ஓடும். முகேஷ், அறுபத்து நான்கு. கடைசிப் பெயர் என்னுடையது. முப்பத்தெட்டு.

தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

மறுபடி பார்த்தேன். முப்பத்தெட்டுதான். மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டுறதுக்கு நாப்பது மார்க்கு. நீங்க முப்பத்தெட்டு. யாருமே அவ்வளவு வாங்கலக்கா. ஆனா ரெக்கார்டுக்கு அறுபது மார்க்கு. நீங்க ஒரு படம் கூட வரையலையே. அதுல சைபர்."

"முகேஷு?"

"கம்ப்யூட்டர்ல நாலு. ரெக்கார்டுல அறுபது."

பட்டியல் என் கையில். ஏற்றுகிறவள் நான். முப்பத்தெட்டைத் திருப்பிப் போட்டால் எண்பத்து மூன்று. கேட்க ஆளில்லை, சிவம் சாருக்குக் கண்ணாடிகூட இல்லை. பொய் சொல்ல மாட்டேன், ஆசை வந்தது. விரல் எட்டின் மேல் போய் நின்றது. ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் நின்று, "ரெண்டு மூட்டை கூடப் போட்டுக்கத்தா, யாருக்குத் தெரியப் போகுது" என்று கெஞ்சியிருப்பார்கள். என் சித்தப்பாவே கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் போட்டதில்லை. இப்போது எனக்கு நானே போட்டுக்கொண்டால் நாளைக்கு எந்த மூஞ்சியோடு அந்த நாற்காலியில் உட்காருவேன்? விரலை எடுத்தேன். அழுகை வந்தது, அதைவிட என் மேலேயே கோபம் வந்தது. ஒரு படம் வரைந்து தொலைத்திருந்தால் என்ன குறைந்தா போயிருப்பேன்?

"மிஸ், இப்ப வரையுறேன். ஒரே ஒரு படம். மார்க்குப் போடுவீகளா?"

"ஒரு படத்துக்கு அஞ்சு மார்க்குக்கா. அஞ்சு மணிக்குள்ள வரைஞ்சு அனுப்புங்க, போட்டுருவேன். பாகம் குறிக்கணும்."

"சார், என் ரெக்கார்டு நோட்டு எங்க?"

சிவம் சார் பூசையைக் காட்டினார். எல்லாருடைய நோட்டும் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கியிருந்தது.

"வேற தாளு?" பூசையில். "பேனா, பென்சில்?" அதுவும் பூசையில். டப்பாவோடு வைத்துப் பொட்டும் வைத்தாயிற்று. தெருவில் கடை எதுவும் திறக்கவில்லை. ஆச்சி அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மிசின், ஸ்கூட்டர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த வீட்டில் கோடு கிழிக்கக்கூடிய பொருள் ஒன்றுகூடப் பூசைக்கு வெளியே இல்லை. மணி நாலு இருபது.

"ஆச்சி, கோலப்பொடி?"

"அது இருக்கு. நாளைக்கு விடியக் கோலம் போடணுமேன்னு அத மட்டும் விட்டு வச்சேன்."

சிரட்டையோடு வாங்கிக்கொண்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து மவுஸ் போட்டேன். படம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அதில் இருக்கிற பூவும் கொடியும் என் மவுஸை விழுங்கிவிட்டன. வாசலுக்கு ஓடினேன். ஆச்சி காலையில் போட்ட பெரிய கோலத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் மறுபடி போட்டேன். முட்டை வடிவம், நடுவில் கோடு, வயர். இடது பொத்தான், வலது பொத்தான் என்று கோலப்பொடியாலேயே எழுதினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

ஆச்சியும் வந்து எட்டிப் பார்த்தார். "என்னத்தா இது, சோப்புக் கட்டிக்கு வாலு வச்சிருக்க?"

"இதுதான் ஆச்சி என் உத்தியோகம்" என்றேன்.

படத்தை அனுப்பினேன். தீக்ஷா மிஸ் உடனே பேசினாள். "அக்கா, நடுவுல சக்கரம் குறிக்கலையே. வயரும் நேரா இல்ல. மூணு மார்க்குப் போடுறேன்." வேறு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "மகராசியா இருங்க மிஸ்" என்று போனை வைத்தேன். நாற்பத்தொன்று. ஏற்றினேன். சமர்ப்பி என்பதை அமுக்கினேன். மணி நாலு ஐம்பது.

அப்போது திரையில் வந்தது, சென்டரின் பதிவு செய்த கைபேசிக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்று.

"சார், ஒங்க போன் எங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பூசையில் இருந்து டிங் என்று சத்தம் வந்தது. சரஸ்வதி படத்துக்குக் கீழே, வெற்றிலை மேல், நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு அவர் போன் படுத்திருந்தது. மதியம் நான் விட்டு விட்டு அடித்ததெல்லாம் சாமிக்குத்தான் கேட்டிருக்கிறது.

"தொடாதீக!" என்றார் ஆச்சி.

"தொடல ஆச்சி, பாக்கலாம்ல?"

"பாக்கலாம்."

நானும் சிவம் சாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தோம். திரையில் எண்கள் தெரிந்தன. நாலு, ஒன்று, ஏழு, பூஜ்யம். மீதி இரண்டும் சந்தனத்துக்கு அடியில். திரை அணைந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடி டிங். வேறு எண், அதே இடம், அதே சந்தனம். சிவம் சார் வாயால் ஊதிப் பார்த்தார். குங்குமம் பறந்து அவர் கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். மணி நாலு ஐம்பத்தைந்து.

அப்படியே ஆச்சியின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "ஆச்சி, அந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல ஆச்சி. ஒம்பது வருசம். நாடகம் பாக்குறதுக்கு நீங்க ஒரு நியாயம் சொன்னீகல்ல, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு சொல்லுங்க."

ஆச்சி நாடகத்தை நிறுத்தினார். பூசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூசையில வச்சதத் தொடக் கூடாது. அதுல மாத்தமில்ல" என்றார். "ஆனா வச்ச பொட்டு காஞ்சு உதுந்தா, துடைச்சுட்டுப் புதுசா வைக்கணும். அதுவும் பூசைதான். காஞ்சிருக்கா?"

"சருகாக் காஞ்சு போச்சு ஆச்சி!"

ஆச்சி சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். "இன்னொரு தடவை அனுப்பச் சொல்லு." அனுப்பினேன். டிங். ஆச்சி முந்தானையால் போனை ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி உரக்கப் படித்தார். "ரெண்டு... ஒம்போது... ஒம்போது... அஞ்சு... எட்டு... ஒண்ணு." நான் அடிக்க அடிக்க அவர் சந்தனம் குழைத்துப் போனின் ஓரமாகப் புதுப்பொட்டு வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரையில் பச்சை எழுத்தில் நன்றி என்று வந்தது. மணி நாலு ஐம்பத்தெட்டு. ஆச்சி நாடகத்தை விட்ட இடத்திலிருந்து போட்டார்.

அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி சான்றிதழ் மெயிலில் வந்தது. பொன்னழகு சார், "தேவி, அதுல ஏதோ வந்திருக்கு போல" என்றார். நான்தான் பிரிண்ட் எடுத்தேன். நிரந்தர ஆணைக்கு, இவருக்குக் கணினி இயக்கத் தெரியும் என்று செயலாளர் நேரில் சோதித்து உறுதி கூறவேண்டுமாம். "நீயே அடிச்சிரு, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். அவர் என்னை நேரில் சோதித்ததாக நானே அடித்தேன். துர்காதேவி என்று என் பெயரை மட்டும் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன். ஊரார் பெயரையெல்லாம் ஒன்பது வருடம் அடித்த கை.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பரவாயில்லையே, படிச்சு வாங்கிப்புட்ட. முகேஷைக்கூட அந்த சென்டர்லயே வாத்தியாராப் போட்டுட்டாக. ரெக்கார்டு நோட்டு அம்புட்டு அழகாம்" என்று சிரித்தார். நான் ஃபைலைத் திறந்து அந்தப் பழைய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஜூனிலிருந்து அங்கேயேதான் இருந்தது. செயலாளர்களும் அடுத்த மார்ச்சுக்குள் இதே டிப்ளமோவை முடிக்கவேண்டும், தவறினால் பதவி இறக்கம்.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு முதல்முறையாக அந்த நாலடியைத் தாண்டி என் மேசைக்குக் கிட்டத்தில் வந்து, கம்ப்யூட்டரை ஒருமாதிரி பார்த்தார்.

"தேவி... இத எங்குட்டுருந்து ஆரம்பிக்கிறது?"

என் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"கோலப்பொடி வாங்கிட்டு வாங்க சார்" என்றேன்.